லிப்போசோம் உடைகிறது, டிங்கி வைரஸ் உடையவில்லை: எங்கே பார்க்க வேண்டும்?

குளுகோர் மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். வைரஸின் வெளிச்சவ்வைக் கிழிக்கும் பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலி, புரதத்தின் சிறு வடிவம்) ஒன்றைச் சோதித்து வருகிறேன். மூன்று வாரங்களாக ஒரே முடிச்சில் சிக்கி நிற்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் இதைத் தமிழில் பேச ஆள் இல்லை. தமிழில் எழுதிப் பார்த்தால் எனக்கே தெளியும் என்ற நம்பிக்கையிலும்தான் இங்கே கேட்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். டிங்கி, ஸிக்கா, இன்புளுவென்சா, கொரோனா, எச்ஐவி எல்லாம் உறையுள்ள வைரஸ்கள். அந்த உறை, ஈரடுக்குக் கொழுப்புச் சவ்வு. வைரஸ் அதைத் தானாக உருவாக்குவதில்லை. தான் புகுந்த உயிரணுவின் சவ்வில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிறது. இன்றுள்ள வைரஸ் மருந்துகள் பெரும்பாலும் புரதங்களைக் குறிவைக்கின்றன. புரதத்தின் வரைபடம் வைரஸின் மரபணுவில் இருக்கிறது. அதில் ஓர் எழுத்து மாறினாலே மருந்தின் பிடி நழுவிவிடலாம். உறையின் கொழுப்புக்கோ வைரஸிடம் மரபணுவே கிடையாது. அதை அடித்தால் வைரஸுக்குத் தப்பும் வழி குறுகிவிடுகிறது. நம் உயிரணுவின் சவ்வில் சிறு கிழிசல் விழுந்தால் அது தைத்துக்கொள்ளும். வைரஸுக்குத் தைக்கத் தெரியாது. இந்த இரண்டும்தான் என்னை இத்துறைக்கு இழுத்தன.

மூன்றாவது காரணம் என் தம்பி. 2019-இல் நாடு முழுவதும் 130,000-க்கும் மேற்பட்டோரை டிங்கி தாக்கியது. அவர்களில் அவனும் ஒருவன். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் டிங்கியில் ஆபத்தான கட்டம் என்று எங்களுக்கு அப்போது தெரியாது. மறுநாள் பிளேட்லட் எண்ணிக்கை 19,000-க்கு வந்துவிட்டது. அம்மா பின்வாசல் பப்பாளி இலையை அரைத்து, துணியில் பிழிந்து, பச்சைச் சாற்றை மைலோ புட்டியில் ஊற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். மருத்துவர்கள் அளவறிந்து சலைன் ஏற்றினார்கள், ஆறு மணிக்கொரு முறை இரத்தம் எடுத்தார்கள், காத்திருந்தார்கள். டிங்கி வைரஸையே நேராகத் தாக்கும் மருந்து என்று அவர்கள் கையில் எதுவும் இல்லை. தம்பி பிழைத்துக்கொண்டான். இந்த நாட்டில் டிங்கி முதலில் பதிவானதே இதே பினாங்கில்தான், 1901-02-இல். நூறாண்டுக்கு மேல் ஆன பிறகும் சலைனை நம்பித்தான் இருக்கிறோம் என்பது எனக்கு ஆறவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன். என் பெப்டைடு இருபத்து சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சுருள். ஒரு பக்கம் நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். அதைச் சோதிக்க லிப்போசோம் செய்கிறேன், அதாவது உள்ளே நீர் நிரம்பிய மிக நுண்ணிய கொழுப்புக் குமிழிகள். குளோரோபாமில் கரைந்த கொழுப்பைக் கண்ணாடிக் குடுவையில் விட்டு, நைட்ரஜன் காற்றை மெல்ல ஊதிச் சுழற்றினால், அடியில் பாலாடையைப்போல ஒரு மெல்லிய படலம் படியும். ஆரம்பத்தில் நான் குளோரோபாமைப் பிளாஸ்டிக் குழாயில் எடுத்து இரண்டு வாரத்தை வீணாக்கினேன். பிளாஸ்டிக்கிலிருந்து கரைந்து வந்த ஏதோ ஒன்று சவ்வோடு கலந்து, பெப்டைடு சேர்க்கும் முன்பே குமிழிகள் ஒழுகின. இப்போது கண்ணாடியைத் தவிர எதையும் தொடுவதில்லை.

அந்தப் படலத்தைக் கால்சீன் சாயக் கரைசலில் ஊறவைத்து, 100 நானோமீட்டர் துளைகள் கொண்ட வடிதாளின் வழியாக இரண்டு கண்ணாடி ஊசிக்குழாய்களுக்கு நடுவே முன்னும் பின்னுமாகத் தள்ளுகிறேன். இடியாப்ப உரலைப் பிழிவதைப்போல முதல் நான்கு தடவை கை வலிக்கும்; பிறகு இளகிவிடும். மொத்தம் 21 முறை. ஒற்றைப்படையில் நிறுத்தினால்தான் வடிந்தது எதிர்க்குழாயில் சேரும். கசடு புறப்பட்ட குழாயிலேயே தங்கும். சாயம் செறிவாக உள்ளே அடைந்திருக்கும்வரை தன் ஒளியைத் தானே அணைத்துக்கொண்டு செம்பழுப்பாகத் தெரியும். குமிழியை விட்டு வெளியே கசிந்து நீர்த்ததும் பச்சையாக ஒளிரும். அந்த ஒளியை அளந்தால் எவ்வளவு கசிந்தது என்று தெரிந்துவிடும். கடைசியில் டிரைட்டன் எக்ஸ்-100 என்ற சவர்க்காரம் போன்ற திரவத்தை விட்டு எல்லாவற்றையும் கரைத்து, அதை 100 சதவீதம் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் பெப்டைடு 5 மைக்ரோமோலார் செறிவில் பத்தே நிமிடத்தில் 80 சதவீதத்தைக் கசிய வைக்கிறது. நான்கு தனித்தனித் தயாரிப்பில் இதே முடிவு.

கோலாலம்பூரில் எங்களோடு சேர்ந்து வேலை செய்யும் குழு இதே பெப்டைடை டிங்கி இரண்டாம் வகை வைரஸோடு சோதித்தது. வைரஸையும் பெப்டைடையும் பனிக்கட்டியின் மேல் அரை மணி நேரம் கலந்து வைத்து, வீரோ எனும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களின் மேல் ஊற்றி, ஊதாச் சாயமேற்றிய உயிரணுப் படலத்தில் வைரஸ் உயிரணுக்களைக் கொன்ற இடங்களில் விழுந்த வெள்ளைப் பொட்டுகளை எண்ணினார்கள். பொட்டுகள் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தன. அளவை 10 மைக்ரோமோலாராக ஏற்றியும் பெரிய மாற்றமில்லை.

லிப்போசோமில் இவ்வளவு வெறியோடு வேலை செய்வது வைரஸில் ஏன் படுத்துவிடுகிறது? என் லிப்போசோம் காட்டுவது உண்மையா, அல்லது வைரஸுக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையா? லிப்போசோம் முடிவை மட்டும் கட்டுரையாக எழுதிவிடலாம் என்ற பேச்சு இருக்கிறது. காரணம் தெரியாமல் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

செராஸ் அக்கா எழுதியது:

தங்கை, காரணம் தெரியாமல் எழுதக் கூடாது என்று நீங்கள் நிற்பது சரி. நான் சவ்வு இயற்பியலில் ஒன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். உங்கள் முடிச்சில் ஒன்றல்ல, நான்கைந்து இழைகள் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படும் வரிசையில் சொல்கிறேன்.

முதல் சந்தேகம் வைரஸைப் பற்றியதே அல்ல; அது மிதந்த நீரைப் பற்றியது. உங்கள் லிப்போசோம் தெளிந்த தாங்கல் கரைசலில் இருக்கிறது. அந்த வைரஸ் எதில் இருந்தது என்று கேட்டீர்களா? உயிரணு வளர்ப்பிலிருந்து அப்படியே எடுத்த மேல்நீராக இருந்தால், அதில் மாட்டுக் கன்றின் சீரம் இருக்கும். சீரத்தில் ஆல்புமின் என்ற புரதம் கொழிக்கும். கொழுப்பை நாடும் பக்கம் உள்ள எந்தப் பெப்டைடையும் ஆல்புமின் இழுத்து வைத்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, உயிரணுக்கள் உதிர்த்த வெறும் சவ்வுக் குமிழிகளும் அதே நீரில் ஏராளமாக மிதக்கும். உங்கள் பெப்டைடுக்கு வைரஸும் அந்தக் குமிழியும் ஒன்றுதான். 5 மைக்ரோமோலார் என்று கணக்கு எழுதுகிறீர்கள். வைரஸின் கைக்கு எட்டியது எவ்வளவு என்று யார் அளந்தது? இதைச் சோதிக்கக் கோலாலம்பூருக்கு எழுத வேண்டியதுகூட இல்லை. உங்கள் லிப்போசோமிலேயே பத்து சதவீதம் சீரம் சேர்த்து இன்று மாலையே அளந்து பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் லிப்போசோம் வெற்றுடம்பு, டிங்கி உடுத்திக்கொண்டிருக்கிறது. சுமார் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள அந்த உருண்டையின் மேல் 180 உறைப் புரதங்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து படுத்த வாக்கில் கிடக்கின்றன. ஓட்டு வீட்டின் கூரையில் ஓடு பாவியதைப்போல, கீழே உள்ள சவ்வு வெளியே தெரியாத அளவுக்கு நெருக்கம். எச்ஐவியில் சவ்வின் மேல் முட்புரதங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நிற்கும். நடுவே வெறும் சவ்வு பரந்து கிடக்கும். ஒரே பெப்டைடு எல்லா உறையுள்ள வைரஸையும் ஒரே மாதிரி அடிக்கும் என்று நினைப்பது இங்கேதான் தடுக்குகிறது.

மூன்றாவதைத்தான் நீங்கள் உடனே மாற்ற வேண்டும். பனிக்கட்டியின் மேல் கலந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். டிங்கியின் மேலோடு எல்லா வெப்பத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கொசுவின் உடல் வெப்பமான 28 டிகிரி வாக்கில் இரண்டாம் வகை வைரஸ் வழவழவென்று மூடி இருக்கும். 37 டிகிரியில் அதே துகள் பொங்கி, மேடு பள்ளமாகி, புரதங்களுக்கு நடுவே சவ்வு அங்கங்கே வெளியே தெரிகிறது. உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியால் 2013-இல் இதை இரண்டு குழுக்கள் காட்டின. எல்லா வகையும் எல்லாக் கிளையும் இப்படிப் பொங்குவதில்லை; ஆய்வுக்கூடங்களில் புழங்கும் இரண்டாம் வகைக் கிளைகள் சிலவற்றில் இது தெளிவாகத் தெரிந்தது. மனித உடலுக்குள் வேலை செய்ய வேண்டிய மருந்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சோதித்தால், பூட்டிய கதவைத் தட்டிவிட்டு வீட்டில் ஆள் இல்லை என்று திரும்புகிறோம்.

ஒரு முன்னெச்சரிக்கை. டிங்கி 37 டிகிரியில் பெப்டைடு எதுவும் இல்லாமலேயே சில மணி நேரத்தில் வீரியம் இழக்கும். ஆகவே பெப்டைடு இல்லாத வைரஸையும் அதே வெப்பத்தில் அதே நேரம் வைத்து, அதோடுதான் ஒப்பிட வேண்டும். கலவையை உயிரணுவின் மேல் ஊற்றும் முன் நூறு மடங்காவது நீர்க்க வையுங்கள். இல்லாவிட்டால் மிச்சப் பெப்டைடு வீரோ உயிரணுவைத் தொட்டுப் பொட்டுகளைக் குறைத்ததா, வைரஸையே உடைத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நான்காவது, சவ்வின் சரக்கு. நீங்கள் எந்தக் கொழுப்பு என்று சொல்லவில்லை. பெரும்பாலானோர் கோலின் தலையுள்ள ஒரே கொழுப்பை எடுத்துக்கொள்வார்கள். டிங்கி உயிரணுவின் வெளிச்சவ்விலிருந்து மொட்டுவிடுவதில்லை. உள்ளே இருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்விலிருந்து மொட்டுவிடுகிறது. அங்கே கொலஸ்டிரால் குறைவு. இன்புளுவென்சாவும் எச்ஐவியும் வெளிச்சவ்விலிருந்து வருவதால் அவற்றில் கொலஸ்டிரால் மிகுதி. சவ்வு விறைப்பாக இருக்கும். இன்னொரு முக்கியமான சரக்கு பாஸ்பாடிடைல்செரின். உயிருள்ள செல் இந்தக் கொழுப்பைச் சவ்வின் உள்ளடுக்கிலேயே பூட்டி வைக்கும். பல வைரஸ்களின் உறையில் அது வெளிப்பக்கம் வந்துவிடுகிறது. அதைக் காட்டித்தான் அவை, செத்த செல்லின் துணுக்கைப்போல வேடமிட்டு நம் செல்லுக்குள் நுழைகின்றன. வைரஸையும் நம் செல்லையும் பிரித்தறிய இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்பது என் கருத்து. பெப்டைடைப்போலவே கட்டிய, ஆனால் செரிமான நொதிகள் வெட்ட முடியாத பெப்டாய்டு என்ற மூலக்கூறுகள் இந்தக் கொழுப்பைத் தேடிப் பிடித்து ஸிக்கா, சிக்குன்குன்யா போன்றவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. உறையில்லாத காக்ஸாக்கி வைரஸை அவை ஒன்றும் செய்யவில்லை. உங்கள் லிப்போசோமில் இந்தக் கொழுப்பு 10 அல்லது 20 சதவீதம் கலந்து பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதில்தான் நான் மிகவும் பிடிவாதம் பிடிப்பேன். சாயம் கசிவது வேறு, சவ்வு கிழிவது வேறு. கால்சீன் மிகச் சிறிய மூலக்கூறு. ஒரு கண நேரம் திறந்து மூடும் சிறு துளை போதும், அது வெளியே வந்துவிடும். உங்கள் 80 சதவீதம் 'குமிழி ஓட்டையானது' என்று சொல்கிறது. 'குமிழி இல்லாமல் போனது' என்று சொல்லவில்லை.

இந்த வேறுபாட்டை என் கண்ணால் பார்த்தது குவார்ட்ஸ் படிக நுண்தராசில். சட்டைப் பொத்தான் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 50 லட்சம் முறை அதிரும் படிகத்தட்டு அது. மேலே ஏதேனும் படிந்தால் அதிர்வு குறையும். எடைக்கும் அதிர்வுக்கும் உள்ள கணக்கை சாவர்பிரே 1959-இல் வகுத்தார். ஒரு ஹெர்ட்ஸ் குறைந்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 17.7 நானோகிராம் படிந்திருக்கிறது என்று பொருள். தங்கம் பூசிய தட்டில் லிப்போசோமை ஓடவிட்டால் அவை உடையாமல் திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொள்ளும். உள்ளே நீர் இருப்பதால் அதிர்வு வெகுவாக இறங்கும், தட்டும் தளர்வாக ஆடும். அந்த நிலையில் ஹெபடைடிஸ் சி வைரஸின் என்எஸ்5ஏ புரதத்திலிருந்து எடுத்த ஏஎச் பெப்டைடை விட்டேன். கோடு முதலில் இன்னும் கொஞ்சம் இறங்கியது, பெப்டைடு வந்து ஒட்டுகிறது. பிறகு விறுவிறுவென்று ஏறியது. குமிழிகள் வெடித்து, உள்நீரைக் கொட்டி, தட்டையான ஒற்றைச் சவ்வாகத் தங்கத்தின் மேல் விரிந்தன. கோடு -26 ஹெர்ட்ஸ் பக்கம் வந்து நின்றது. ஒரு முழு ஈரடுக்குச் சவ்வுக்குரிய எண் அதுதான். அன்று அந்தக் கோட்டைவிட்டு என்னால் எழுந்து போக முடியவில்லை.

அந்தப் பெப்டைடு சிறிய குமிழிகளை எளிதில் உடைக்கும், பெரியவற்றை விட்டுவிடும். வளைவு கூடிய சவ்வு முன்பே இழுபட்ட நிலையில் இருக்கிறது என்பது ஒரு விளக்கம். அதன் மேம்பட்ட வடிவம் ஒன்றை ஸிக்கா தொற்றிய எலிகளுக்குக் கொடுத்துக் காப்பாற்றியதை 2018-இல் வெளியிட்டார்கள். தொற்று ஏற்பட்ட பிறகு கொடுத்தும் பலன் இருந்தது. ஸிக்காவும் டிங்கியின் குடும்பம்தான், அதே ஓட்டுக்கூரைதான். ஆகவே கூரை இருப்பதால் உள்ளே போகவே முடியாது என்று மனம் தளர வேண்டாம்.

வைரஸ் உண்மையில் திறந்துகொண்டதா என்று அறிய, பெப்டைடு பட்ட வைரஸோடு, அதன் மரபுப்பொருளான ஆர்என்ஏவை வெட்டும் நொதியைச் சேருங்கள். உறை முழுமையாக இருந்தால் உள்ளே இருக்கும் ஆர்என்ஏ தப்பிக்கும். கிழிந்திருந்தால் நொதி அதைத் துண்டாடிவிடும். மிஞ்சியதை பிசிஆரில் அளந்தால் கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும்.

---

போர்ட்டிக்சன்காரன் எழுதியது:

செராஸ் அக்கா சொன்னதற்கு மேல் வைரஸைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கோலாலம்பூரில் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இரத்தம்தான் என் அன்றாடம். ஆனால் இந்தப் பேச்சு என்னை 1999-இல் நிப்பா வைரஸ் பரவிய நாள்களுக்குக் கொண்டுபோய்விட்டது.

நான் வளர்ந்த தோட்டம் புக்கிட் பெலாண்டோக்கிலிருந்து அதிகத் தூரமில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள், கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். பன்றிப் பண்ணையில் வேலை செய்தவர்கள் தொடர்ந்து விழுந்தார்கள். இராணுவ லாரிகள் வந்தன. பண்ணைகள் பக்கமிருந்து நாள் முழுக்கத் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா கோ பிங் அதைப் புதிய வைரஸ் என்று கண்டறிந்த பிறகுதான் கொசு அல்ல காரணம் என்று தெரிந்தது. சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. 265 பேர் நோயுற்றார்கள், 105 பேர் இறந்தார்கள். எங்கள் வரிசை வீடுகளில் பன்றிப் பண்ணைக்குக் கூலிக்குப் போன ஓர் அண்ணன் திரும்பி வரவில்லை. நிப்பாவும் உறையுள்ள வைரஸ்தான், தங்கை.

அதனால் அந்த வைரஸைப் பற்றி எது வந்தாலும் படிப்பேன். நிப்பா செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் பொருளைத் தேடிப் போனவர்கள் எல்ஜே001 என்ற சிறு மூலக்கூறைக் கண்டுபிடித்து 2010-இல் வெளியிட்டார்கள். உறையுள்ள வைரஸ் எதைக் கொடுத்தாலும் அடித்தது, உறையில்லாததை விட்டுவிட்டது. சவ்வுக்குள் செருகிக்கொண்டு கெடுக்கிறது என்றார்கள். மூன்றாண்டு கழித்து, அதே குழுவினர் அது எப்படிக் கெடுக்கிறது என்பதையும் கண்டுபிடித்தார்கள்: வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்கிறது. ஒளியை வாங்கிக்கொண்டு, ஆக்சிஜனைக் கிளர்ந்த நிலைக்குத் தூண்டி, சவ்வின் கொழுப்பை ஆக்சிகரணம் செய்கிறது. இருட்டில் வைத்தால் வைரஸுக்கு ஒன்றும் ஆவதில்லை. நம் உடலுக்குள்ளோ இருட்டு. எனக்கு இதைப் படித்தபோது மனம் கனத்தது, ஆனால் அவர்கள் விடாமல் தோண்டியதை நினைத்து மரியாதை கூடியது. உங்கள் பெப்டைடுக்கு இந்தச் சிக்கல் இருக்காது என்றாலும், ஒரே சோதனையை இருட்டில் ஒரு முறை செய்துவிடுங்கள். கால்சீனுக்கும் வெளிச்சம் ஆகாது.

இரத்தக்காரனாக ஒரு வேண்டுகோள். வைரஸைக் கிழிப்பது சிவப்பணுவையும் கிழிக்கலாம். கழுவிய சிவப்பணுவோடு ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றி, மேல்நீர் சிவக்கிறதா என்று பாருங்கள். வெறும் கண்ணுக்கே தெரியும். வைரஸைப் பாதியாக்கும் அளவுக்கும் செல்லைக் கெடுக்கும் அளவுக்கும் எத்தனை மடங்கு இடைவெளி என்பதுதான் உங்கள் தம்பியைப்போல ஒருவருக்கு ஊசி வழியாக இதைக் கொடுக்க முடியுமா என்பதை முடிவு செய்யும். பிளேட்லட் 19,000-இல் கிடப்பவனுக்கு இரத்த அணுவை உடைக்கும் மருந்தைக் கொடுக்க முடியாது.

---

புக்கிட் மெர்தாஜாம் ஓய்வாசிரியர் எழுதியது:

அம்மா, முப்பது ஆண்டுகள் அறிவியல் கற்பித்தவன் நான். நீங்கள் 'உறையுள்ள வைரஸ்' என்று எழுதியது அருமை. 'கொழுப்புறை' என்றும் சொல்லலாம்; மாணவர்களுக்கு உறை எதனால் ஆனது என்பது சொல்லிலேயே விளங்கிவிடும்.

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் தொடங்கியபோது என் பேத்தி கேட்டாள்: தாத்தா, சவர்க்காரம் போட்டால் கொரோனா ஏன் சாகிறது? சட்டியில் நெய் ஒட்டினால் வெறும் தண்ணீரில் போகாது, சவர்க்காரத்தில் போகும், வைரஸின் சட்டையும் அப்படித்தான் என்றேன். ஆனால் கைகால்வாய்ப்புண் நோய் பாலர்பள்ளியில் பரவியபோது கைத்தூய்மித் திரவத்தை மட்டும் நம்பியிருந்தார்கள். அந்த நோயைத் தரும் எண்டரோவைரஸ் 71-க்கு இந்தச் சட்டையே இல்லை. 1997-இல் சரவாக்கில் குழந்தைகளைப் பலிகொண்டது அதுதான். ஆல்கஹால் அதன்மேல் சரியாகப் பிடிக்காது. ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி அகற்ற வேண்டும், பொம்மைகளுக்குக் குளோரின் வேண்டும். எது சட்டை போட்ட வைரஸ், எது போடாதது என்ற ஒரே பாடம் ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்திருந்தால் எவ்வளவு நன்மை!

எனக்கு ஒரு கேள்வி. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் வைரஸின் உறையை உடைக்கும் என்று எங்கள் கோவில் குழுவில் செய்தி சுற்றுகிறது. தினமும் இரண்டு கரண்டி குடித்தால் டிங்கி வராது என்கிறார்கள். இதில் ஏதேனும் உண்மை உண்டா?

---

செராஸ் அக்கா எழுதியது:

ஐயா, பாதி உண்மை. அந்தப் பாதியால்தான் செய்தி இவ்வளவு தூரம் ஓடுகிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். செம்பனைக் கொட்டை எண்ணெயிலும் அப்படியே. அதிலிருந்து கிடைக்கும் மோனோலாரின் என்ற பொருள் சோதனைக்குழாயில் உறையுள்ள வைரஸ் பலவற்றைச் சிதைக்கிறது; அது மெய். ஆனால் எண்ணெயாக இருக்கும்போது மூன்று கொழுப்பமிலங்கள் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கின்றன. அந்த வடிவம் சவ்வை ஒன்றும் செய்யாது. குடித்தால் குடல் அதை உடைக்கும், கல்லீரல் எரிபொருளாக எரிக்கும், இரத்தத்துக்கு வருவதை நான் மேலே சொன்ன அதே ஆல்புமின் பிடித்துக்கொள்ளும். டிங்கி வைரஸைச் சந்திக்கும் இடத்துக்கு அது போய்ச் சேருவதில்லை. குழுவில் நீங்களே சொல்லிவிடுங்கள் ஐயா, ஆசிரியர் சொன்னால் கேட்பார்கள்: எண்ணெயைச் சமையலுக்கு வையுங்கள், வாளித் தண்ணீரைக் கவிழ்த்துவிடுங்கள்.

---

குளுகோர் மாணவி எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள், கையில் ஏதேனும் இல்லாமல் திரும்பி வர மனமில்லை.

அக்கா, நீங்கள் எழுதிய அன்று மாலையே சீரத்தைச் சேர்த்தேன். ஆய்வுக்கூடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். ஒளிர்வுக் கோடு எழும்பும் என்று பழக்கத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழும்பவே இல்லை. பத்து நிமிடத்தில் 80-க்குப் பதிலாக 24 சதவீதம். மூன்று முறை திரும்பச் செய்தேன், 20-க்கும் 30-க்கும் நடுவிலேயே நின்றது. என் லிப்போசோம் பொய் சொல்லவில்லை. வைரஸ் இருந்த தண்ணீரை நான் அதற்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கோலாலம்பூர் குழுவிடம் கேட்டேன். ஆம், சீரம் கலந்த மேல்நீர்தான் என்றார்கள். யாரும் தவறாகச் செய்யவில்லை. இரண்டு இடங்களிலும் ஒரே பெயரில் இரண்டு வேறு சோதனைகள் நடந்திருக்கின்றன.

அடுத்ததாக அவர்கள் வைரஸைச் சர்க்கரைக் கரைசல் மேல் சுழற்றி, சீரத்திலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். அதைப் பனிக்கட்டியிலும் 37 டிகிரியிலும் அரை மணி நேரம் வைத்து, நூறு மடங்கு நீர்த்துச் சோதித்தோம். பெப்டைடு இல்லாத வைரஸும் இரண்டு வெப்பத்திலும் கூடவே இருந்தது. பனிக்கட்டியில் பொட்டுகள் பாதியாகக் குறைந்தன. 37 டிகிரியில், அதே வெப்பத்தில் பெப்டைடு இல்லாமல் இருந்ததோடு ஒப்பிட்டால், பத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. நீங்கள் சொன்ன கதவு உண்மையாகவே திறந்துதான் இருக்கிறது போலும். இது இரண்டு தடவை செய்த முடிவு மட்டுமே. மூன்றாவது தடவைக்குப் பிறகுதான் என் வழிகாட்டியிடம் எழுத்தில் கொடுப்பேன். லிப்போசோம் கட்டுரையைத் தனியாக அனுப்ப வேண்டாம் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

போர்ட்டிக்சன் அண்ணா, சிவப்பணுச் சோதனையும் செய்தேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். 5 மைக்ரோமோலாரில் மேல்நீர் தெளிவாக இருந்தது. 20-இல் ரோஸ் மில்க் நிறம் வந்துவிட்டது. வெறும் நான்கு மடங்கு. சீரம் கலந்த உண்மையான இரத்தத்தில் வைரஸை எட்ட வேண்டுமானால் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் அணு உடைகிறது. இந்தப் பெப்டைடு இந்த வடிவத்தில் யாருக்கும் மருந்தாகாது. அந்தக் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிலும் ஒரு முறை செய்தேன் அண்ணா, வெளிச்சத்தால் மாற்றமில்லை.

பாஸ்பாடிடைல்செரின் 20 சதவீதம் கலந்த லிப்போசோமில் அதே 80 சதவீதக் கசிவுக்கு 2 மைக்ரோமோலார் போதுமாக இருக்கிறது. இடைவெளியை அகலமாக்க இந்தப் பக்கம்தான் வழி தெரிகிறது. சுருளின் கொழுப்பை நாடும் பக்கத்தில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, பிடிப்பைக் கொஞ்சம் குறைத்து, இந்தக் கொழுப்பு இருந்தால் மட்டும் உட்காரும்படி செய்ய முடியுமா என்று வரைந்து பார்க்கிறேன். இப்படி மாற்றி முயன்ற அனுபவம் யாருக்கேனும் இருந்தால், எந்த இடத்திலிருந்து தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

ஆசிரியர் ஐயா, 'கொழுப்புறை' என்ற சொல்லை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

ஆர்என்ஏ வெட்டும் நொதி இன்று காலை வந்து சேர்ந்தது. எங்கள் கூடத்தில் மற்றவர்கள் ஆர்என்ஏவைப் பாதுகாத்து வேலை செய்கிறார்கள். இதில் ஒரு துளி அவர்கள் மேசையில் சிந்தினால் அவர்களுடைய மாதக்கணக்கான உழைப்பு பாழாகும். அதனால் மூலையில் தனி மேசை கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு பிப்பெட்டில் சிவப்பு நாடா சுற்றி, 'இதை எடுக்க வேண்டாம்' என்று மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டியாயிற்று. செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன்.